ஆறு கடந்த ஒரு சொல்லின் கதை

மலருக்குக் கட்டுரை என்றதும் எல்லோருக்கும் விடுதிச் சாப்பாடும் கலைவிழாவும்தான் ஞாபகம் வரும். அவற்றை எழுதப் பல நண்பர்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் வரலாற்றுத் துறையில் படித்தவன். எனவே எனக்குக் கொடுத்த பக்கங்களில் ஒரு வரலாறு சொல்லிவிட்டுப் போகிறேன். அரசர் கதை அல்ல, போர்க் கதையும் அல்ல. ஒரே ஒரு சொல்லின் கதை.

நம் தலைமுறைக்கு ரஷ்யா புத்தகத்தின் வழியாகத்தான் அறிமுகம். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்களைப் படிக்காதவர் நம்மில் குறைவு. அந்தப் பித்தில்தான் நான் ரஷ்ய எழுத்தைக் கற்றுக்கொண்டேன். எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து வேர் என்று போய்க்கொண்டே இருந்தபோது மாட்டிய சொல் இது.

சொல் 'ப்ரோத்'. ஆற்றில் ஆழம் குறைந்து, படகும் பாலமும் இல்லாமல் இறங்கி நடந்தே அக்கரை போகக்கூடிய இடத்துக்கு ரஷ்ய மொழியில் அந்தப் பெயர். இந்தக் கட்டுரையில் அந்த இடத்தைக் 'கடவு' என்று சொல்லிக்கொள்வோம். உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை: நான் எழுதும் 'ப'வை 'அம்பு' என்பதில் வரும் பகரம்போலவும், 'த'வைப் 'பந்து' என்பதில் வரும் தகரம்போலவும் வாசித்துக்கொள்ளுங்கள்.

யாரும் எழுதி வைக்காத சொல்

ரஷ்யரும் செர்பியரும் 'ப்ரோத்' என்கிறார்கள். செக் மக்களும் அப்படியே. போலந்துக்காரர் 'ப்ரூத்' என்கிறார்கள்; உக்ரேனியர் 'ப்ரித்' என்கிறார்கள். இத்தனை மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்மொழிக்கு அறிஞர்கள் வைத்த பெயர் தொல் ஸ்லாவியம். அதைப் பேசியவர்கள் அதில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை, காசில் பொறித்த எழுத்தும் இல்லை. சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு சகோதரர்கள் சமயப் பணிக்காக மொராவியாவுக்குப் போன 863-ஆம் ஆண்டை ஒட்டித்தான் ஸ்லாவியருக்கு எழுத்தே வந்தது.

அப்படியானால் அந்தத் தாய்மொழியில் கடவுக்கு என்ன சொல் என்று எப்படித் தெரியும்? பிள்ளைகளை ஒப்பிட்டுத் தாயின் முகத்தை வரைய வேண்டியதுதான். அப்படி மீட்டெடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். 'இது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, கணக்கிட்டுக் கண்டது' என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கத்தைப் பரப்பியவர் அவுகுஸ்த் ஷ்லைஷர் என்ற ஜெர்மன் அறிஞர். நம் சொல்லின் பழைய வடிவம் *ப்ரோது.

கடைசியில் அந்த உகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நம் குற்றியலுகரம் மாதிரி தேய்ந்த ஓர் உகரம் அது. ஏறக்குறைய 10 முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள் சொல்லின் கடைசியிலிருந்து அது உதிர்ந்துபோனது. ஆனால் சும்மா போகவில்லை. போகிற போக்கில் முந்தைய உயிரெழுத்தைத் தொட்டுவிட்டுப் போனது. இன்றைய உக்ரேனியத்தில் கடவு 'ப்ரித்'. 'கடவினுடைய' என்று சொல்ல வந்தால் 'ப்ரோது'. பின்னால் வேறு ஓர் உயிர் இருக்கும்போது பழைய ஓகாரம் பத்திரமாக இருக்கிறது. உகரம் உதிர்ந்து மெய்யில் முடிந்த இடத்தில் மட்டும் இகரமாகிவிட்டது. போலந்து மொழியிலும் இதே சங்கதிதான்: 'ப்ரூத்', ஆனால் 'ப்ரோது'. ஆள் போய்விட்டார், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பள்ளம் இருக்கிறது என்பார்களே, அதுபோல. காணாமல்போன உயிருக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நடந்ததால் வந்த பெயர்

சரி, *ப்ரோது எங்கிருந்து வந்தது? தொல் ஸ்லாவியத்தில் 'ப்ரெத்' என்று ஒரு வினை வேர் உண்டு. நீரில், சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பது என்று பொருள். இன்றைய ரஷ்யத்தில் 'ப்ரெது' என்றால் 'களைத்துப்போய் மெல்ல நடக்கிறேன்' என்று அர்த்தம். வினையில் எகரம், பெயரில் ஓகாரம். இந்த மாற்றம் தற்செயல் அல்ல. 'வெஸ்' என்றால் ஏற்றிச்செல்வது, 'வோஸ்' என்றால் வண்டி. 'தெக்' என்றால் ஓடுவது, 'தோக்' என்றால் நீரோட்டம். மின்னோட்டத்துக்கும் ரஷ்யர்கள் இன்று அதே 'தோக்' என்றுதான் சொல்கிறார்கள். 'ப்ரெத்' என்றால் நீரில் நடப்பது, 'ப்ரோத்' என்றால் அப்படி நடக்கும் இடம்.

தமிழ் இலக்கண வகுப்பில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் படித்திருப்பீர்களே. கெடு, கேடு, படு, பாடு, சுடு, சூடு. அங்கே குறில் நெடிலாகிறது. இங்கே எகரம் ஓகாரமாகிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு என்று சொல்ல வரவில்லை. வேரின் நடுவிலுள்ள உயிரை மாற்றி வினையைப் பெயராக்கும் வழி நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இந்த வேர் ஸ்லாவியருக்கு வெளியே இருக்கிறதா? பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. லிதுவேனிய மொழியில் 'ப்ரிஸ்தி' என்றால் நீரில் நடப்பது. 'ப்ரஸ்தா' என்றால் கடவு. லாத்விய மொழியிலும் இந்த வினை உண்டு. பால்டிக் மொழிகளும் ஸ்லாவிய மொழிகளும் நெருங்கிய உறவினர். ஆகவே இது கடன் வாங்கிய சொல் அல்ல, பாட்டி காலத்துச் சொத்து.

பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்

இப்போது படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் கடவுக்கு 'ஃபோர்டு' என்று சொல். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் மாடுகள் ஆற்றைக் கடந்த இடம். ஃபோர்டு, ப்ரோத், பொருளும் அதுவே, ஒலியும் கிட்டத்தட்ட அதுவே. 'அப்புறம் என்ன சார், இரண்டும் ஒண்ணுதானே?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. அதை நிரூபிக்கவும் முடியும்.

முதல் சாட்சி, சொல்லின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் சொல் முதலில் ஃபகரம் வந்தால், பழைய காலத்தில் அது வல்லெழுத்துப் பகரம். லத்தீனில் 'பாத்தெர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீனில் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. அந்தக் கணக்கில் 'ஃபோர்டு' என்பதன் உறவு லத்தீனின் 'போர்த்துஸ்' என்ற துறைமுகச் சொல்லோடு. கடந்து போவதைக் குறிக்கும் வேறொரு வேர் அது. ஸ்லாவிய மொழிகளில் அந்தப் பழைய வல்லெழுத்து மாறாமல் அப்படியே நிற்கும். 'ப்ரோத்' என்பதில் உள்ளதோ மெல்லொலிப் பகரம், 'அம்பு'வில் வருவது. இதற்கு ஆங்கிலத்தில் இணை இருந்தால் அதுவும் அதே ஒலியில்தான் தொடங்க வேண்டும். ரஷ்யத்தில் சகோதரன் 'ப்ராத்', ஆங்கிலத்தில் 'பிரதர்'. இதுதான் சரியான ஜோடி.

இரண்டாவது சாட்சி, ரகரம் நிற்கும் இடம். 'ஃபோர்டு' என்பதில் ரகரம் உயிருக்குப் பின்னால். 'ப்ரோத்' என்பதில் முன்னால். இடம் மாறியிருக்கக்கூடாதா? மாறும். ஸ்லாவிய மொழிகளில் ரகரம் இடம் மாறிய கதை பிரசித்தம். ஆனால் மாறும்போது ஒவ்வொரு மொழியும் தன் கைரேகையை விட்டுவிட்டுப் போகும். தாடிக்குப் பழைய ஸ்லாவியச் சொல் *போர்தா. ஆங்கில 'பியர்டு' அதன் உறவுதான். இது ரஷ்யத்தில் 'போரதா' ஆகும், ரகரத்துக்கு இரு பக்கமும் உயிர் வைத்து. செர்பியத்திலும் செக் மொழியிலும் 'ப்ரதா'. போலந்தில் 'ப்ரோதா'. நகரத்துக்கும் இதே வாய்பாடு: ரஷ்யத்தில் 'கோரத்', செர்பியத்தில் 'க்ரத்', செக் மொழியில் கோட்டையைக் குறித்து 'ஹ்ரத்', போலந்தில் 'க்ரூத்'. நோவ்கொரோத், பெல்கிரேடு என்ற ஊர்ப் பெயர்களில் இதைப் பார்க்கலாம். 'லெனின்கிராடு மட்டும் எப்படி?' என்று கேட்கிறவர்களுக்கு: அந்தக் 'கிராடு' திருச்சபை மொழியிலிருந்து எடுத்த உயர்நடை வடிவம், ரஷ்யர் தெருவில் பேசுவது 'கோரத்'தான்.

இந்த வாய்பாட்டில் நம் சொல்லைப் போட்டுப் பாருங்கள். பழைய வடிவம் 'போர்த்' என்று இருந்திருந்தால், இன்று ரஷ்யன் 'போரத்' என்று சொல்லியிருக்க வேண்டும். செர்பியன் 'ப்ரத்' என்று சொல்லியிருக்க வேண்டும். இருவரும் சொல்வது 'ப்ரோத்'. ஆகவே ரகரம் ஆதியிலிருந்தே முன்னால்தான் இருந்தது. வழக்கு முடிந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று சொல்லி, உலகத்துச் சொல்லையெல்லாம் தம் மொழிக்குள் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஒரு ஜோடிச் சொல் எதையும் நிரூபிக்காது. ஒரே மாற்றம் பத்துச் சொற்களில் வரிசையாக வரவேண்டும். அதுதான் சாட்சி. 'போரதா'வும் 'ப்ரதா'வும் பார்த்தால் அவ்வளவு ஒத்திருக்கவில்லை, ஆனால் ஒன்றே. 'ஃபோர்டு'ம் 'ப்ரோத்'தும் ஒத்திருக்கின்றன, ஆனால் வேறு.

ஆற்றோடு வாழ்ந்தவர்கள்

ஒரு சொல் சொந்தம், ஒரு சொல் கடன் என்று தெரிந்தால் வரலாற்றுக்கு என்ன லாபம்? கொஞ்சம் இருக்கிறது. ஸ்லாவியரின் ரொட்டிச் சொல் 'ஹ்லேப்' ஜெர்மானியரிடமிருந்து வந்தது. இளவரசனைக் குறிக்கும் 'க்னியாஸ்' அங்கிருந்துதான் வந்தது. ஆங்கிலத்தின் 'கிங்' அதன் உறவு. பெரிய கப்பலுக்கான 'கொராப்ல்' கிரேக்கச் சரக்கு. ஆனால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடத்துக்கு அவர்கள் யாரிடமும் சொல் கேட்கவில்லை. கடன் வாங்கியது அவமானமும் அல்ல, வாங்காதது பெருமையும் அல்ல. எந்த வேலையை அவர்கள் நெடுங்காலமாகத் தாங்களே செய்துவந்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

எதிரிகளே இதற்குச் சான்று சொல்கிறார்கள். கி.பி. 600-ஐ ஒட்டி எழுதப்பட்ட, பைசாந்தியப் பேரரசர் மாரிஸ் பெயரில் வழங்கும் போர்க்கலை நூல் ஸ்லாவியரைப் பற்றி ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறது. காடு, ஆறு, சதுப்பு நிலம் இவற்றை ஒட்டி வாழ்பவர்கள். ஆறு கடப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. திடீர் ஆபத்து வந்தால் நாணல் குழாயை வாயில் வைத்து மூச்சு விட்டபடி நீருக்கடியில் படுத்திருப்பார்கள் என்கிறது அந்த நூல். படைத் தளபதிகளுக்கு எச்சரிக்கையாக எழுதியது; எனவே புகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட ரஷ்ய ஆதி வரலாற்றுக் குறிப்பில் இன்னொரு சுவையான செய்தி. கீவ் நகரை நிறுவிய 'கீ' என்பவர் வெறும் தோணிக்காரர் என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். அந்த இடத்துக்குக் 'கீயின் பெரெவோஸ்' என்று பெயர் இருந்ததால். 'பெரெவோஸ்' என்றால் தோணித்துறை. மேலே சொன்ன 'வோஸ்' அதற்குள் இருப்பதைப் பாருங்கள். தோணிக்காரர் என்றால் கான்ஸ்டாண்டிநோபிள் வரை போய்ப் பேரரசரிடம் மரியாதை பெற்றிருப்பாரா என்று கோபமாகக் கேட்கிறார் குறிப்பெழுதியவர். தலைநகரின் பிறப்பைப் பற்றிப் பேசினாலே ஆறு கடக்கும் பேச்சு வந்துவிடுகிறது.

கடவில் பிறந்த ஊர்கள்

கடவு இருக்கும் இடத்தில் ஊர் ஏன் வளர்கிறது? ஆறு அகன்று, அடியில் சரளைக்கல் படிந்து, வண்டி இறங்க வாகாக இருக்கும் இடம் எல்லா மைலிலும் கிடைக்காது. பாதைகள் அங்கே வந்து சேரும். வெள்ளம் வந்தால் வண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும். சத்திரம் வரும், சந்தை வரும். சுங்கம் வசூலிக்க ஆள் வருவான், அவனுக்குப் பின்னால் கோட்டை வரும்.

அதனால்தான் ஸ்லாவிய நாடுகளின் வரைபடத்தில் 'ப்ரோத்' திரும்பத் திரும்ப வருகிறது. மேற்கு உக்ரேனில் ப்ரோதி என்றால் 'கடவுகள்', பன்மை. எழுத்தாளர் ஜோசப் ரோத் 1894-இல் பிறந்த ஊர் அது. செக் நாட்டில் மட்டும் செஸ்கி ப்ரோத், உஹெர்ஸ்கி ப்ரோத், ஷெலெஸ்னி ப்ரோத், விஷ்ஷி ப்ரோத் என்று ஒரு கூட்டமே உண்டு. பெயர் ஒன்றே ஆனதால் அடைமொழி தேவைப்பட்டது: செக் கடவு, ஹங்கேரியக் கடவு, இரும்புக் கடவு, மேட்டுக் கடவு. மேட்டுக் கடவை ஜெர்மானியர் 'ஹோஹென்ஃபுர்த்' என்று அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 'ஜெர்மன் கடவு' என்ற பெயருள்ள ஊரை மட்டும் 'தாய்ச்சுப்ரோத்' என்று பாதியே மொழிபெயர்த்தார்கள். 1422 ஜனவரியில் ஹுஸைட் வீரர்களிடம் தோற்ற பேரரசர் சிகிஸ்முந்தின் படை அங்கே உறைந்த ஸாஸவா ஆற்றின் மேல் ஓடியதாகவும், பனி உடைந்து பலர் மூழ்கியதாகவும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் 'ஜெர்மன்' போய், எழுத்தாளர் ஹவ்லீச்செக் பெயர் அடைமொழியானது. இன்று அது ஹவ்லீச்சுகூவ் ப்ரோத். அடைமொழி மாறும், கடவு மாறாது.

கடவு கப்பலான விந்தை

தெற்கே போனால் சொல் வேறு வேலை பார்க்கிறது. ஸ்லோவேனிய மொழியில் 'ப்ரோத்' என்றால் கடவு, ஆற்றைக் கடத்திவிடும் தோணி இரண்டும். குரோஷியரிடமும் செர்பியரிடமும் 'ப்ரோத்' என்று இன்று சாதாரணமாகச் சொன்னால் கப்பல்! கடக்கும் இடம், கடக்கும் இடத்துத் தோணி, பிறகு எந்தத் தோணியும், கடைசியில் கடல் கப்பல். பொருள் இப்படித்தான் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. கப்பல் கட்டும் தளம் 'ப்ரோதொக்ராதிலிஷ்தெ'. விண்வெளிக் கப்பல் 'ஸ்வெமிர்ஸ்கி ப்ரோத்'. முழங்கால் நனைய நடந்தவன் சொல் விண்வெளிக்குப் போய்விட்டது. நடந்து கடக்கும் கடவுக்கு அவர்கள் 'காஸ்' என்று வேறு சொல்லைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ரஷ்யாவில் அது தரையிலேயே அலைந்தது. 'ப்ரதீத்' என்றால் இலக்கில்லாமல் திரிவது. மாவு புளித்துப் பொங்குவதற்கும் அதே சொல். 'ப்ரத்யாகா' என்றால் நாடோடி. இருவர் இடுப்பளவு நீரில் நடந்தே இழுக்கும் மீன்வலைக்குப் 'ப்ரெதென்' என்று பெயர். கடவு தெரியாமல் தண்ணீரில் இறங்காதே என்று ரஷ்யர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு; ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

ஒரே ஆறு, இரண்டு கடவு

சாவா ஆற்றின் வடகரையில் ஸ்லவோன்ஸ்கி ப்ரோத். ரோமர் காலத்தில் அங்கே மார்சோனியா என்ற குடியிருப்பு. 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியர்கள் துருக்கியருக்கு எதிராகப் பெரிய கோட்டை கட்டினார்கள். நேர் எதிரே தென்கரையில் இருந்தது பொசான்ஸ்கி ப்ரோத். இக்கரைக் கடவு, அக்கரைக் கடவு. ஒரு கடவுக்கு இரண்டு கரை வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பெயரும் சொல்லாது. யூகோஸ்லாவியா உடைந்தபோது, 1992-இல் இரண்டையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. கடப்பதற்காகவே பிறந்த இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, கடக்க முடியாமல் நின்றன. தென்கரை ஊரின் பெயரில் 'போஸ்னிய' என்ற அடைமொழி போய்ச் 'செர்பிய' என்று வந்தது. பிறகு அதுவும் போய் இன்று வெறும் ப்ரோத் என்றே அழைக்கப்படுகிறது. போருக்குப் பின் பாலம் மீண்டும் கட்டப்பட்டது. 2013-இல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால், அந்த ஆறே இப்போது ஒன்றியத்தின் எல்லை. கடவு என்ற பெயருள்ள ஊரில் கடவுச்சீட்டு காட்ட வேண்டியிருக்கிறது.

எரிந்ததும் எழுந்ததும்

இந்த அறிவெல்லாம் நமக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. வியன்னாவில் பேராசிரியராக இருந்த ஸ்லோவேனியர் ஃபிரான்ஸ் மிக்லோஷிச் 1886-இல் ஸ்லாவிய மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார். அதே ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் மாக்ஸ் ஃபாஸ்மர். பெர்லினில் பேராசிரியராக இருந்துகொண்டு ரஷ்ய வேர்ச்சொல் அகராதிக்காகப் பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளும் அவருடைய நூலகமும் 1944-இல் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. மனுஷன் உட்கார்ந்துவிடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1950-இலிருந்து 1958-க்குள் மூன்று தொகுதிகளாக அந்த அகராதி ஹைடல்பர்க்கில் வெளிவந்தது. ஜெர்மன் மொழியில் எழுதிய அதை, ஜெர்மனியோடு போரிட்ட நாட்டிலேயே ஒலெக் த்ருபச்சோவ் ரஷ்யத்தில் பெயர்த்து 1964 முதல் வெளியிட்டார். 1974-இல் அவரே தொல் ஸ்லாவியச் சொற்களுக்கென்று தனி அகராதியைத் தொடங்கினார். போருக்குப் பின் இரு கரைக்கும் இடையே அறிஞர்கள் கண்டுபிடித்த கடவு என்றே இதைச் சொல்லலாம்.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. பாலத்துக்கான 'மோஸ்த்' என்ற ஸ்லாவியச் சொல்லின் பிறப்பைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. மனிதன் கட்டிய பாலத்தின் பெயர் குழப்பத்தில் இருக்கிறது. ஆறே கொடுத்த கடவின் பெயர் தெளிவாக இருக்கிறது!

இன்று கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எழுதப்பட்ட ஆவணம் இல்லையென்றால் வரலாறே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வரிகூட எழுதாத மக்கள், தங்கள் பேரப்பிள்ளைகளின் நாக்கில் தங்கள் வரலாற்றை விட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அதைப் படிக்கப் பொறுமை வேண்டும். ஒத்திருப்பதைக் கண்டு குதிக்காமல், 'இதுபோல இன்னும் ஒன்பது காட்டு' என்று கேட்கிற குணம் வேண்டும். சொல்லாராய்ச்சிக்கு மட்டுமல்ல, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் அது உதவும். ஆழம் பார்த்து, கால் ஊன்றி, அக்கரை சேருங்கள். வாழ்த்துகள்.